எல்லீசன் வாழ்வும் எரிந்த ஏடுகளும்

திருக்குறளை ஆங்கிலத்தில் ஆக்கியவர் யாவர் என வினவினால், போப்பையர் என்று நம்மவர் உடனே விடை பகர்வர். அவ்விடை பிழையன்று. எனினும், 1886இல் போப்பையர் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்டபோது, தமக்கு முன் உழைத்த இருவருடைய பெயர்ப்புகளையும் அந்நூலிலேயே சேர்த்து அச்சிட்டார். ஒன்று வீரமாமுனிவரின் இலத்தீன். மற்றொன்று எல்லிசு என்னும் ஆங்கிலேயரின் பெயர்ப்பு. அந்த எல்லிசின் வாழ்விலும், அவர் விட்டுச்சென்ற தாள்களின் கதியிலும் நாம் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

பிரான்சிஸ் வைட் எல்லிசு 1777இல் பிறந்தார். 1796இல் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியராய்ச் சென்னை சேர்ந்தார். பிரான்சிஸ் லைட் நம் பினாங்கில் கொடியேற்றிப் பத்தாண்டு கழிந்த காலம் அது. எல்லிசு முதலில் ஏற்ற பதவிக்கு ‘ரைட்டர்’ என்று பெயர். நம் தோட்டத்து வழக்கில் சொன்னால் கிராணி! அக்கிராணி படிப்படியே உயர்ந்து 1810இல் சென்னைக் கலெக்டர் ஆனார். அலுவலுக்கு வேண்டிய அளவு தமிழ் கற்று அமைந்திருக்கலாம். அவரோ இலக்கணமும் இலக்கியமும் முறையாகப் பயின்றார். கும்பினி அலுவலர்க்கு நாட்டுமொழிகளைக் கற்பிக்க 1812இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி தோன்றியபோது, அதற்கு உயிர்நாடியாய் விளங்கியவர் அவரே.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் வழிவந்தவை என்று அக்காலத்து ஐரோப்பியப் புலவர் பலரும் நம்பினர். அவை தனிக்குடும்பம் என்பதை 1816இலேயே சான்று காட்டி நிறுவியவர் எல்லிசு. காம்பெல் என்பார் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முகப்பில் அவ்வாராய்ச்சி வெளிவந்தது. கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் பிறந்ததோ 1856இல். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விதை ஊன்றியாயிற்று. அவ்வேலையில் சங்கரையா, பட்டாபிராம சாத்திரி முதலிய நாட்டறிஞர் அவருக்குத் துணைநின்றனர் என்பதையும் மறத்தல் ஆகாது. புலமை ஒருவர் தனித்துச் சமைக்கும் பண்டம் அன்று.

குறளின்மேல் அவர் கொண்ட காதல் பெரிது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது கிணறுகள் தோண்டுவித்தார். இராயப்பேட்டைக் கிணற்றருகே 1818இல் பொறித்த கல்வெட்டில், தம் பெயரை எல்லீசன் எனத் தமிழாக்கி, நீரின் சிறப்புரைக்கும் குறளையும் அமைத்தார். வள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயத்தையும் அவர் வெளியிட்டார் என்பதை ஐராவதம் மகாதேவன் ஆராய்ந்து காட்டியுள்ளார். 1330 குறளில் 120 குறளை எல்லிசு ஆங்கிலமாக்கினார், விரிவுரையும் வரைந்தார். அப்பணி முற்றுப்பெறவில்லை.

அவருக்குக் குறள் ஏடு கிடைத்த வரலாறு ஒன்றை அயோத்திதாச பண்டிதர் எழுதிவைத்துள்ளார். 1907இல் ‘தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கிய சீர்திருத்தச் செம்மல் அவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரை வீட்டில் பட்லராக இருந்தார். தம் வீட்டில் காத்துவந்த திருக்குறள் ஓலைச்சுவடியைத் துரையின் வழியாக எல்லிசிடம் சேர்ப்பித்தவர் அவரே என்பது பண்டிதர் தரும் செய்தி. பிறப்பினால் தாழ்ந்தவரென்று சமூகம் ஒதுக்கிவைத்த குடும்பம் அது. கல்வி எமக்கே உரியது என்று தருக்கியோர் இதற்கு என்ன விடை சொல்வர்? ஒதுக்கப்பட்டவன் குடிசையிலும் வள்ளுவர் குடியிருந்தார் அன்றோ!

இனி, துன்பக் கதையைக் கேளுங்கள். நாற்பது வயது நிரம்புமுன் தம் இலக்கிய ஆராய்ச்சி எதனையும் நூலாக வெளியிடுவதில்லை என்று எல்லிசு உறுதிபூண்டிருந்தார். அறிவு கனியட்டும் எனக் காத்தார். காலன் காத்திருக்கவில்லை. 1819 மார்ச்சு 10ஆம் நாள் இராமநாதபுரத்தில் அவர் இறந்தார். அப்போது வயது நாற்பத்தொன்று. அவருடைய தாள்கள் மதுரையில் பெட்ரி என்னும் அதிகாரியின் வீட்டை அடைந்தன. அங்கிருந்த சமையற்காரர் அடுப்பு மூட்டவும் கோழியின் மயிர் பொசுக்கவும் அவற்றைத் திங்கள் பலவாகப் பயன்படுத்தினார் என்று சர் வால்டர் எலியட் கூறியுள்ளார். எஞ்சிய சில தாள்கள் பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூல்நிலையத்தைச் சேர்ந்தன.

அச்சமையற்காரரைப் பழித்தல் எளிது; ஆயினும் அது நேர்மை ஆகாது. இது பெருஞ்செல்வம் என்று அவருக்கு எடுத்துரைத்தவர் எவர்? ஒரு வீட்டுப் பட்லர் ஏட்டின் அருமை அறிந்தார், காத்தார், கொடுத்தார். மற்றொரு வீட்டுச் சமையற்காரருக்கு அவ்வருமை அறிவிக்கப்படவில்லை, தாள் சாம்பலாயிற்று. இருவரையும் வேறாக்கியது பிறப்பன்று, தொழிலுமன்று, அறிவிக்கப்பட்டதும் அறிவிக்கப்படாததுமே.

எல்லிசின் நண்பர் ஜான் லெய்டன் என்பார் 1805இல் உடல்நலம் நாடி இப்பினாங்குக்கு வந்தார். மலாய் மொழியில் ஈடுபட்டார். இராபிள்சின் நட்பைப் பெற்றார். அவரும் 1811இல் ஜாவாவில் இளமையிலேயே மாண்டார். ஆயினும், ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூலுக்கு அவர் செய்த ஆங்கிலப் பெயர்ப்பு அழியவில்லை. 1821இல் இராபிள்சின் முன்னுரையோடு இலண்டனில் அச்சேறிற்று. இருவரும் கற்றவர், இருவரும் முடிக்காமல் மறைந்தவர். ஒருவர் தாளுக்குக் காவலர் வாய்த்தார். மற்றவர் தாளுக்கு அடுப்பு வாய்த்தது.

அன்பர்களே, நம் வீட்டுப் பரண்களை நினைமின்! தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்து, நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, இரவுப் பள்ளிப் பதிவேடுகள் எங்கே போயின? திருவிழா நாடகங்களின் கையெழுத்துப்படிகள், சங்கக் கூட்டக் குறிப்புகள், தாத்தா வாங்கிச் சேர்த்த பழைய வார இதழ்கள் எங்கே போயின? 1883இல் குலாம் காதிர் நாவலர் ‘வித்தியா விசாரிணி’ நடத்திய ஊர் பினாங்கு. அத்தகைய ஊரில் பழந்தாள் என்றால் பொட்டலம் கட்டவே என்று எண்ணுதல் தகுமா? செக்ரோல் புத்தகமும் வரலாறே. அதில் பெயர் கண்டவர் நம் பாட்டனும் பாட்டியும் அல்லரோ?

பெருமொழிபெயர்ப்பு எல்லார்க்கும் இயலாது. ஒரு தாளைக் காத்தல் எல்லார்க்கும் இயலும். பெட்டியைத் திறந்து பாருங்கள், படியுங்கள், இன்னதென்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நூல்நிலையத்துக்குக் கொடுங்கள். எழுதிய எல்லிசுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். ஏட்டைக் கொடுத்த கந்தப்பனுக்கும் அக்கடன் உண்டு. அதைத் தீர்க்கும் வழி இதுவே.