ஆரணி வழியாக ஆப்பிரிக்காவுக்கு

ஐப்பசி பிறந்ததும் ஆரணியைச் சுற்றியுள்ள நெல்வயல்களின் மேல் தட்டான் கூட்டம் வந்துவிடும். தலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டடி உயரத்தில், எங்கும் உட்காராமல், வெயிலில் மஞ்சளாக மின்னிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பார்கள். தெருவில் பாவு விரிக்கும் நெசவாளருக்கு அது வெறும் பேச்சில்லை. ஒரு தூறல் விழுந்தால் அன்றைய வேலை போச்சு. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரே இனம்தான் இருக்கும்: பன்டாலா ஃபிளாவெசென்ஸ். மலையாளிகள் இதைத் துலாத்தும்பி என்கிறார்கள். துலாம் அவர்களுக்கு நம் ஐப்பசி.

எடை அரை கிராம்கூட இல்லை. இறக்கையை விரித்தால் எட்டு சென்டிமீட்டர் தேறும். பெட்டியில் காய்ந்த உடலாகவும் இது கடல் தாண்டியிருக்கிறது. இந்தியாவிலிருந்து போன மாதிரியை வைத்து 1798இல் இதற்கு முறைப்படி பெயர் சூட்டியவர் ஜோகன் கிறிஸ்டியன் ஃபேப்ரிசியஸ். லின்னேயஸின் மாணவர், கீல் நகரில் பேராசிரியர். (வேப்பேரியில் தமிழ் அகராதி அச்சிட்ட ஃபேப்ரிசியஸ் வேறு ஆள். இவர் இந்தியா பக்கமே வந்ததில்லை.) டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து அவருக்குப் பூச்சிகள் போய்க்கொண்டிருந்த காலம் அது. நம் ஏரிக்கரைப் புல்லில் சாதாரணமாகத் தென்படும் மஞ்சள் ஊசித்தட்டானுக்கும் அதே ஆண்டில் அவரே பெயர் வைத்தார்: கோரமண்டலியானம். சோழமண்டலக் கரை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு நெடுங்காலம் தட்டானை அடையாளம் காண்பது என்றால் வலை வீசிப் பிடித்து, கொன்று, லென்ஸை வைத்து இறக்கை நரம்புகளை எண்ணுவதுதான். ராணுவ மருத்துவராக இந்தியாவுக்கு வந்த எஃப். சி. ஃப்ரேசர் 1933, 1934, 1936 ஆண்டுகளில் எழுதி வெளியிட்ட மூன்று தொகுதிகள் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கின்றன. கையில் பூச்சி இல்லாமல் அந்தத் தொகுதிகளை வைத்துக்கொண்டு அதிகம் செய்ய முடியாது. தீபகற்ப இந்தியாவின் தும்பிகளுக்கு கே. ஏ. சுப்பிரமணியன் 2005இல் படங்களோடு ஒரு கையேடு கொண்டுவந்தார். இன்று செல்போனில் எடுத்த படத்தை வைத்தே பல இனங்களுக்குப் பெயர் சொல்லிவிடலாம்.

பன்டாலா மட்டும் படம் எடுப்பவரைப் பாடாய்ப் படுத்தும். கல்தூணோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும் சாம்பல் தட்டானையும், சாக்கடையோரம் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆரஞ்சு தட்டானையும் நின்று நிதானமாக எடுக்கலாம். இது நண்பகலில் கீழே இறங்கவே இறங்காது. வானத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் கறுப்பு நிழல்தான் விழும். எக்ஸ்போஷரை ஏற்றி, ஷட்டரை நொடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுபோனால் ஏதோ தேறும். பொழுது சாயும் நேரமே நல்ல நேரம். வேலியோரக் குச்சியில் வௌவால் மாதிரி செங்குத்தாகத் தொங்கும். அப்போது பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என இரண்டு படமாவது வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பின்னிறக்கையைப் பாருங்கள். உடலோடு சேருமிடத்தில் அது முன்னிறக்கையைவிட நன்றாக அகன்றிருக்கும். காற்றில் மிதப்பதற்கான அகலம் அது. அந்த அடிப்பகுதியில் செம்பழுப்புத் திட்டு இருந்தால் அது டிராமியா, இதேபோல் உயரத்தில் மிதக்கும் இன்னொரு தட்டான். திட்டு இல்லாமல் லேசான மஞ்சள் சாயல் மட்டும் இருந்தால் பன்டாலா. கூடவே இறக்கை நுனிக்கருகில் இருக்கும் சின்னப் பொட்டையும் பார்க்கலாம். முன்னிறக்கைப் பொட்டு பின்னிறக்கைப் பொட்டைவிட நீளம்.

பெயர் கிடைத்துவிட்டது. எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்பதை எவ்வளவு கூர்மையான படமும் சொல்லாது. அதைச் சொன்னது ஒரு நாட்குறிப்பு. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபரில் அங்கே தட்டான்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவதைக் கவனித்தார். அந்தத் தீவுகளில் முட்டையிடக் குளம் குட்டை கிட்டத்தட்ட கிடையாது. வந்தவை சில நாளில் காணாமல் போயின. தென்னிந்தியா, மாலத்தீவு, செஷல்ஸ், கிழக்கு ஆப்பிரிக்கா என ஒவ்வோர் இடத்திலும் அவை தென்பட்ட தேதிகளை வரிசைப்படுத்தியபோது ஒரு வழி தெரிந்தது. ஒரு முரணும் கூடவே வந்தது: அக்டோபரில் மாலத்தீவின் தரைமட்டக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது, தட்டான்களோ எதிர்த்திசையிலிருந்து வருகின்றன. அவை ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறி, அங்கே வீசும் வடகிழக்குக் காற்றில் மிதந்து வருகின்றன என்பது 2009இல் வெளியான கட்டுரையில் அவர் தந்த விளக்கம். தெற்கே நகரும் மழைப்பட்டையின் பின்னால் வீசும் காற்று அது. ஐப்பசி மழையும் தட்டானும் சேர்ந்தே வருவதில் ஆச்சரியமில்லை.

மாலத்தீவில் பிடித்த தட்டான்களின் இறக்கையைச் சோதித்த ஆய்வு 2012இல் வெளியானது. மழைநீரில் உள்ள ஹைட்ரஜனின் கன வகையின் அளவு இடத்துக்கு இடம் மாறும். குஞ்சு வளர்ந்த தண்ணீரில் இருந்த அந்த அளவு இறக்கையில் பதிந்துவிடும், அப்புறம் மாறாது. அவை வட இந்தியாவிலும் அதற்கு அப்பாலும் பிறந்திருக்க வேண்டும் என்று முடிவு வந்தது. ஆரணி வயலில் நாம் பார்ப்பவற்றில் எத்தனை உள்ளூர், எத்தனை வழிப்போக்கர் என்பது கண்ணுக்குத் தெரியாது.

கடல் தாண்டியவை ஆப்பிரிக்க மழைக்குட்டைகளில் முட்டையிடுகின்றன. மீன் வந்து சேருமுன், குட்டை வற்றுமுன், ஆறேழு வாரத்தில் குஞ்சு வளர்ந்து இறக்கை முளைத்துவிடும். அமூர் வல்லூறுகளும் ஏறக்குறைய அதே காலத்தில் அதே கடலைக் கடக்கின்றன. வழியில் இந்தத் தட்டான்களே அவற்றுக்குச் சாப்பாடு என்று ஆண்டர்சன் கருதினார். போய்வரும் மொத்தத் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. எந்தத் தட்டானும் தனியாக அதை முடிப்பதில்லை. நான்கு தலைமுறை ஆகிறது. தென்மேற்குப் பருவக்காற்றோடு இந்தியா திரும்புவது, கிளம்பிப் போனதன் பேரன் பேத்திகளோ அதற்கும் அடுத்த தலைமுறையோதான்.

அந்தத் திரும்பும் வழிக்குத்தான் சான்று குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரை மாலத்தீவில் தென்படுபவை சொற்பமே. ஐப்பசிக் கூட்டத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. வைகாசி, ஆனியில் ஜவ்வாது மலையடிவாரத்தில் தனியாகத் திரியும் ஒன்றை, மங்கலாக இருந்தாலும் சரி, தேதியும் இடமும் குறித்து எடுத்து வைப்பவர்தான் குறைவு.