ஒரே மலையில் இரண்டு பிரிவுகள்

திருகோணமலையில் கோணேசர் மலைக்கு ஏறுகிறவர்களுக்குப் பிரிவைப் பற்றிய இரண்டு கதைகள் கிடைக்கும். நோயுற்ற தாய் வழிபட வேண்டுமென்று மலையையே பெயர்க்க வந்த இராவணனின் வாள் பட்ட இடம் இராவணன் வெட்டு என்பது ஒன்று. கப்பலேறிப் போன காதலனைப் பார்த்தபடி ஒல்லாந்தப் பெண் பிரான்சினா வான் ரீட் கடலில் குதித்தாள் என்பது மற்றது. அவள் பெயரிலுள்ள தூணில் 1687 என்று பொறித்திருக்கிறது. உண்மையில் அவள் சாகவில்லை. பின்னர் மணமுடித்து வாழ்ந்தாள். கதை சொல்பவர்களுக்குத்தான் அது போதவில்லை.

கதையில் வரும் பிரான்சினாவின் சிக்கல் பிணைப்பில் இருக்கிறது. உளவியலில் ஜோன் போல்பியும் மேரி எயின்ஸ்வேர்த்தும் குழந்தைகளிடம் கண்ட பிணைப்பை, 1987இல் ஹசானும் ஷேவரும் காதலர்களிடம் பொருத்திப் பார்த்தார்கள். சிலர் நெருக்கத்தை நம்புகிறார்கள், சிலர் கைவிடப்படுவோமோ என்று பதறுகிறார்கள், சிலர் நெருங்கினாலே விலகுகிறார்கள். இவள் பதறுகிறவள்.

இராவணனின் பாசத்தில் குறையில்லை. தாய் இறந்துவிட்டாள் என்று அந்தணர் வேடத்தில் வந்த திருமால் சொன்னதும் நம்பி, கன்னியாவில் ஈமக்கடன் செய்கிறான். ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அப்படி வந்தவையாம். ஆனால் பயமோ துயரமோ அவனிடம் ஒரு சொல்லாகவும் வருவதில்லை, வாளாகத்தான் வருகிறது. உள்ளே எழுவது இன்ன உணர்வென்று பிரித்தறியவும் சொல்லவும் முடியாத இந்த நிலைக்குப் பெயரிட்டவர் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ், 1970களில்.

இன்றைய மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவர் கட்டாரில். இரவு முழுக்க அழைப்புக்குப் பதிலில்லை. விடிந்ததும் அவள், "நீங்க மாறிட்டீங்க." அவர், "வேலை." போன் துண்டிக்கப்படுகிறது. அவள் பதறியதற்கும் அவர் ஒதுங்கியதற்கும் பிணைப்புப் பாங்கு காரணம் சொல்லும். ஆனால் "உங்கட சத்தம் கேக்காட்டிப் பயமா இருக்கு", "களைச்சுப் போனன், கதைக்க ஏலாம இருக்கு" என்று இருவரும் சொல்லியிருந்தால் சண்டையின் போக்கே வேறு. இதைப் பழகலாம் என்பதால், இரண்டில் உணர்வை அறிவதையே நான் முதலில் வைப்பேன். தன் பயம் பயமென்று தெரிந்தும் பத்துத் தரம் அழைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இது மட்டும் போதாது.

இன்னொன்றும் இருக்கிறது. போரும் 2004 ஆழிப்பேரலையும் ஆட்களைக் கொண்டுபோன மாவட்டம் இது. பதிலில்லாத அழைப்புக்குப் பதறுகிறவளைப் பதற்றப் பிணைப்பு என்று வகைப்படுத்துமுன், அந்த வீட்டிலிருந்து போய் யார் திரும்பவில்லை என்று கேட்க வேண்டும். அதற்கான கேள்வி பிணைப்பை அளக்கும் வழக்கமான வினாக்கொத்தில் கிடையாது.