எண்ணித் தைத்த பூக்கள்: சிட்டிலிங்கி லம்பாடிகளின் தையற்கலை

அரபு மொழியில் 'ரக்ம்' என்னும் சொல் எண், குறி ஆகிய பொருள்களைத் தருவது. துணியில் அணிவேலை செய்தல் என்ற பொருளும் அதன் வேர்ச்சொல்லுக்கு உண்டு. பூத்தையலைக் குறிக்கும் 'ரிக்காமோ' என்ற இத்தாலியச் சொல் இவ்வேரிலிருந்தே பிறந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். எண்ணுவதும் தைப்பதும் ஒரே வேரில் அடங்கியிருப்பதன் பொருத்தத்தை நம் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் இன்றும் கண்ணாரக் காணலாம்.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கு சிட்டிலிங்கி. அங்கு 'மலையாளி' என வழங்கப்பெறும் தமிழ் பேசும் பழங்குடியினரே பெரும்பான்மையினர். அவர்களோடு லம்பாடி மக்களும் வாழ்கின்றனர். பஞ்சாரா என்று வடக்கே அறியப்படும் இம்மக்கள், தம் முன்னோர் இராஜஸ்தானத்துப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று கூறுவர். இவர்களுடைய மொழிக்குத் தனி எழுத்து இல்லை.

பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிச் சென்று விற்பதே இவர்களது தொன்மையான தொழில். பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் மாடுகள் கொண்ட பொதிக்கூட்டங்களைக் கண்டதாகப் பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பயணி தவர்னியே எழுதியுள்ளார். தக்காணத்தின்மீது படையெடுத்த முகலாயச் சேனைகளுக்கு உணவு வழங்கியவர்கள் இவர்களே. மூன்றாம் மைசூர்ப் போரில் (1790–92) கார்ன்வாலிஸின் படையும் இவர்களது தானியத்தை நம்பியிருந்தது. அப்போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியாரின் கைக்கு மாறியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாலைகளும் இருப்புப் பாதைகளும் பெருகியபோது பொதிமாட்டு வாணிபம் நலிந்தது. ஊர் ஊராகத் திரிந்தவர்களை ஆங்கில அரசு ஐயக்கண்ணோடு நோக்கியது. 1871இல் இயற்றப்பட்டு, 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தின் பிடியில் பஞ்சாராக் குழுக்கள் பலவும் சிக்கின. படைகளுக்குச் சோறளித்தவர்கள் 'பிறவிக் குற்றவாளிகள்' ஆக்கப்பட்ட கொடுமை அது.

எழுத்தில்லாத இச்சமூகம் தன் நினைவைப் பெண்களின் ஆடையில் பொதிந்து வைத்தது. பேட்டியா என்னும் பாவாடையிலும் காஞ்சளி என்னும் ரவிக்கையிலும் கண்ணாடிச் சில்லுகளும் சோழிகளும் காசுகளும் பதித்து, சிவப்பு, மஞ்சள், நீல நூல்களால் அவர்கள் பூவேலை செய்தனர். வரைபடம் எதுவும் இல்லை. துணியின் நெடுக்கிழை, குறுக்கிழைகளை எண்ணி, தாயிடம் கற்ற கணக்கின்படி ஊசியைச் செலுத்துவர். எனவே வளைந்த இதழ் படிக்கட்டுப்போல் முறிந்து முக்கோணமாகும், விதை சதுரமாகும். கர்நாடகத்துச் சண்டூர் லம்பாடிகளின் தையல்களுள் ஒன்று சூரியகாந்தியின் பெயரையே தாங்கியிருக்கிறது.

இயற்கையைத் துணியில் கொணர வேறொரு வழியும் உண்டு. 1620இல் ஜஹாங்கீர் பாதுஷா காஷ்மீரத்துக்குச் சென்றபோது, ஓவியர் உஸ்தாத் மன்சூர் அங்கு நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களைத் தீட்டியதாகப் பாதுஷாவே தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார். அடுத்துவந்த ஷாஜஹான் காலத்துத் துணிகளிலும் கட்டடங்களிலும் தண்டோடும் இலையோடும் நிற்கும் தனிமலர்ச் செடி எங்கும் பரவியது. முன்னது கண்ணால் பார்த்த பூ; லம்பாடிப் பெண்ணுடையது விரலால் எண்ணிய பூ. அரண்மனைப் பூ ஏட்டிலும் கல்லிலும் பிழைத்தது. எண்ணிய பூவுக்கோ அத்தகைய காப்பு இல்லை. ஆடை நைந்தால் அதுவும் அழியும்.

சிட்டிலிங்கியில் ஏறத்தாழ அதுவே நிகழ்ந்தது. பெண்கள் சேலைக்கு மாறினர்; கூலி வேலை பொழுதையெல்லாம் விழுங்கியது. இரு தலைமுறைக் காலம் ஊசி ஓய்ந்திருந்தது. 1993இல் அங்கு பழங்குடி நல மருத்துவப் பணியைத் தம் கணவர் டாக்டர் ரெஜி ஜார்ஜுடன் தொடங்கிய டாக்டர் லலிதா இவ்விழப்பை உணர்ந்தார். மூதாட்டியரின் நினைவிலும் பழைய ஆடைகளிலும் எஞ்சியிருந்த தையல்களை இளம்பெண்கள் மீண்டும் கற்றனர். 2006இல் 'போர்கை' என்ற கைவினைஞர் அமைப்பு உருவாயிற்று. லம்பாடி மொழியில் அச்சொல்லுக்குப் பெருமை என்று பொருள். எந்த ஆடையைக் களைந்தார்களோ, அதன் தையலே அவர்களுக்கு ஊரிலேயே வருவாய் தரும் தொழிலாயிற்று.

இன்று ஆடைக்கலை பயிலும் மாணவியர் இலை, பூ, கிளிஞ்சல் முதலியவற்றை வரைந்து, அவற்றிலிருந்து தையல் மாதிரிகள் உருவாக்குகின்றனர். பெரும்பாலும் படத்தைத் துணியில் பிரதி செய்து, கோட்டின்மேல் நூலை ஓட்டுவதே வழக்கம். லம்பாடி முறையோ துணியிலிருந்து தொடங்குகிறது. இழை எண்ணத்தக்க முரட்டுப் பருத்தியைத் தேர்ந்து, இலையைக் கட்டத்தாளில் இறக்கிப் பார்த்தால், சாய்ந்தோடும் நரம்பு பெருக்கல் குறித் தையலுக்கு எளிதில் இணங்குவதையும், வட்டம் இணங்க மறுப்பதையும் மாணவி காண்பாள். எதை விடுவது, எதைக் காப்பது என்ற முடிவு அங்கே பிறக்கிறது. வடிவமைப்பு என்பது அம்முடிவுதான்.

இத்துடன் ஒரு கடமையும் உண்டு. லம்பாடித் தையலைப் பார்த்து எடுத்த மாதிரியின் கீழ் அச்சமூகத்தின் பெயர் இருக்க வேண்டும். அது விற்பனைக்குச் செல்லுமானால் கூலியும் பங்கும் அவர்களைச் சேர வேண்டும். முன்பு அவர்களுடைய உழைப்பைப் பெற்ற அரசுகள், பின்னர் அவர்கள் மீது குற்றப் பெயரைச் சுமத்தின. அவர்களுடைய கலையைப் பெறும் நாம் அவர்களது பெயரையே மறைத்துவிடலாகாது.