சுதந்திராக் கட்சி

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறையை இலக்காக அறிவித்தது. நிலம் உழவர் பெயரிலேயே இருக்கும். சாகுபடி மட்டும் கூட்டாக நடக்கும். வறுமையை ஒழிக்க அரசு திட்டமிட்டு வழிநடத்தியே ஆக வேண்டும் என்பது நேருவின் நம்பிக்கை. குடிமகனின் நிலத்திலும் தொழிலிலும் அரசு தலையிடக் கூடாது என்று வாதிட்ட ராஜாஜி, என்.ஜி.ரங்கா, மினு மசானி முதலியோர் அதே ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினர்.

1951ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி, அதன் வரம்புக்குள் வரும் ஆலையைத் தொடங்கவும், பெரிய அளவில் விரிவாக்கவும், அங்கே புதுப் பொருள் தயாரிக்கவும் டெல்லியின் உரிமம் வேண்டியிருந்தது. இதைத்தான் ‘பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்’ என்று ராஜாஜி சாடினார். வெறும் பேச்சல்ல: 1952இல் சென்னை மாநில முதல்வராக உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கிக் காட்டியவர் அவர். ஆனால் முன்னாள் மன்னர்களும் பெருநிலக்கிழார்களும் நிறைந்திருந்த கட்சியிடம், நிலமே இல்லாத கூலித் தொழிலாளிக்குச் சுதந்திரம் எப்படி வரும் என்பதற்குத் தக்க பதில் இல்லை. அதன் பெருங்குறை இதுவே.

1967இல் மக்களவையில் 44 இடங்களுடன் முதன்மை எதிர்க்கட்சியானது. 1971இல் 8 இடங்களாகச் சுருங்கி, 1974இல் பாரதிய லோக் தளத்தில் இணைந்தது. ராஜாஜி சாடிய உரிமமுறை பெரும்பாலான தொழில்களுக்கு நீங்கியது 1991இல்.