1500 வாட்ஸ்: பெட்டி மேல இருக்குற ஒரு நம்பரோட கதை

இந்த எபிசோட் ஒரு கருகின வாசனையில ஆரம்பிக்குது.

என் மாமா பையன் ஒரு பழைய கார் வாங்கினான். அதுக்கு 10 இன்ச் சப்வூஃபர் ஒண்ணு மாட்டணும்னு ஆசை. ஸ்பீக்கர் 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்ப்ளிஃபயருக்காக ரெண்டு பேரும் கடை கடையா ஏறி இறங்கினோம். ஒரு பெட்டி மேல கொட்டை எழுத்துல '1500 வாட்ஸ்'னு போட்டிருந்தது. விலையும் கம்மி. "மாப்ள, அஞ்சு மடங்கு பவர், பயமே இல்ல"ன்னான். வாங்கிட்டோம். ஒரு மணி நேரத்துல மாட்டியும் கொடுத்துட்டாங்க.

அன்னைக்கு சாயங்காலமே அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி ஏற்காடு ரோட்டைப் பிடிச்சோம். மலையில 20 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறுறதுக்குள்ள ரப்பர் கருகுற வாசனை. ஓரமா நிறுத்திப் பானெட்டைத் திறந்தா, பேட்டரியிலிருந்து டிக்கிக்குப் போற சிவப்பு வயர் தொட முடியாத சூடு. பேட்டரி பக்கத்துல இருக்க வேண்டிய ஃப்யூஸைக் காணோம். இன்னும் நாலு வளைவு போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் யோசிக்கப் பிடிக்கல.

வீட்டுக்கு வந்ததும் மாமாகிட்ட பெட்டியைக் காட்டினோம். அவர் ஒரு காலத்துல மைக் செட் வச்சிருந்தவர். நம்பரைப் பார்த்துட்டுச் சிரிச்சார். "ஏன் மாப்ள, 746 வாட்ஸ் ஒரு எச்.பி. இது கணக்குக்கு 2 எச்.பி. மோட்டாரு. கெணத்து மோட்டாரைக் கார் பேட்டரியில ஓட்டப் போறீங்களா?"

அந்தக் கேள்விதான் இந்த எபிசோட். இந்த 1500 எங்கிருந்து வந்துச்சு?

முதல்ல எச்.பி. இதுவே ஒரு வியாபார நம்பர்தான். 18ஆம் நூற்றாண்டு கடைசியில ஜேம்ஸ் வாட் தன்னோட நீராவி இயந்திரத்தை விக்கணும். வாங்கறவங்களுக்குக் குதிரைக் கணக்குதான் புரியும். அதனால 'இது இத்தனை குதிரைக்குச் சமம்'னு சொன்னார். ஆனா அவர் அதுக்கு ஒரு அளவும் வச்சார்: நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை. அவர் பேர்ல 'வாட்'ங்கிற அலகை 1882ல சீமென்ஸ் முன்மொழிஞ்சார். ஆக, விக்கறதுக்காக நம்பர் சொல்றது புதுசு இல்ல. பின்னாடி ஒரு அளவு இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

அடுத்து, சத்தத்துக்கு இவ்வளவு வாட்ஸ் எப்பத்திலிருந்து தேவைப்பட்டுச்சு? அதே ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸோட வளைவு இன்னும் நிக்குது. டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச ஸ்டுடியோ. மலையாளத்தோட முதல் பேசும்படமான 'பாலன்' 1938ல இவங்க தயாரிச்சதுதான். அந்தக் காலத்துத் தியேட்டர்கள்ல இருந்தது டியூப் ஆம்ப்ளிஃபயர். சில பத்து வாட்ஸ்தான். அதுலயே ஒரு கொட்டகை முழுக்கக் கேட்டுச்சு. காரணம் புனல் மாதிரி விரிஞ்ச ஹார்ன் ஸ்பீக்கர். கொடுக்குற கொஞ்ச மின்சாரத்துல நிறைய சத்தம் எடுக்கும். மாமாவோட குழாய் ஸ்பீக்கரும் அதே ஜாதிதான். மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்கே கேக்கும். ஆனா அதுல 'டம்'முன்னு அடிவயித்துல இறங்குற பேஸ் வராது.

அந்த பேஸை வீட்டுக்குள்ள கொண்டுவந்தவர் எட்கர் வில்ச்சர்னு ஒரு அமெரிக்கர். 1954ல, காத்துப் புகாம மூடின சின்னப் பெட்டியில ஆழமான பேஸ் எடுக்குற ஸ்பீக்கரை வெளியிட்டார். சும்மா கிடைக்கல. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைஞ்ச பவர்ல நிறைய சத்தம், இந்த மூணுல ரெண்டுதான் கிடைக்கும். முதல் ரெண்டை எடுத்தா மூணாவதை விட்டுடணும். அதாவது ஆம்ப்ளிஃபயர் பெருசாகணும். நம்ம டிக்கியில உட்கார்ந்திருக்குற சப்வூஃபரும் அதே பேரத்துலதான் பொறந்துச்சு.

வாட்ஸ் பசி வந்ததும் வாட்ஸ் பொய்யும் கூடவே வந்துச்சு. ஒரு நொடியில ஒரு துளி நேரம் எட்டிப் பார்க்குற உச்சத்தை எழுதுறது, கரகரன்னு உடைஞ்ச சத்தத்தையும் கணக்குல சேர்க்குறதுன்னு பல வழி. அமெரிக்காவுல ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974ல ஒரு விதி போட்டுச்சு: வீட்டு ஆம்ப்ளிஃபயர்னா தொடர்ந்து தர்ற பவரைச் சொல்லுன்னு. நம்ம ஊர்ல 1990கள்ல டேப் ரெக்கார்டர் மேல ஒட்டியிருந்த 'பி.எம்.பி.ஓ.' ஞாபகம் இருக்கா? இல்லன்னா அப்பா அம்மாவைக் கேளுங்க. கையில தூக்கிட்டுப் போற செட்டுக்கு ஆயிரக்கணக்குல வாட்ஸ் போட்டிருக்கும். அந்த எழுத்துக்குப் பின்னாடி எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவு எதுவும் கிடையாது. கார் ஆம்ப்ளிஃபயருக்குன்னு ஒரு பொது அளவு 2003லதான் வந்துச்சு. சி.இ.ஏ.-2006னு பேர். 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்குள்ள சிதைவு, அதுல எவ்வளவு வருதோ அதை எழுதணும். ஆனா அது விருப்பப்பட்டவங்க பின்பற்றுறது. எங்க பெட்டியில அந்தப் பேரே இல்ல.

சரி, அப்போ உண்மை எங்க எழுதியிருக்கு? மாமா ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி, பக்கவாட்டுல சொருகியிருந்த ஃப்யூஸைக் காட்டினார். 30 ஆம்பியர். ஓடுற கார்ல வோல்ட் 14ன்னு வைங்க. 14ஐ 30ஆல பெருக்கினா 420 வாட்ஸ். உள்ள போறதே அவ்வளவுதான். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்னா அதுல சுமார் 80 சதவீதம் வெளிய வரும், ஏறக்குறைய 330. பழைய கிளாஸ் ஏபி-ன்னா பாதியைச் சூடா ஊதிட்டு 200 பக்கம் நிக்கும். எங்களுது ஏபி. நிஜமாவே 1500 வாட்ஸ் வரணும்னா, கிளாஸ் டி-க்கே 130 ஆம்பியருக்கு மேல இழுக்கும். சின்னக் காரோட ஆல்டர்னேட்டர் மொத்தமாவே அவ்வளவு கொடுக்காது.

நாங்க என்ன பண்ணினோம்? அந்த ஆம்ப்ளிஃபயரைக் கழட்டிட்டு, 4 ஓம்ல 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்.னு தெளிவா எழுதின, கிளாஸ் டி மோனோ ஒண்ணு வாங்கினோம். சப்வூஃபரும் 4 ஓம். ஃப்யூஸைப் பார்த்துக் கணக்குப் போட்டுட்டுத்தான் காசு கொடுத்தோம். தடிச்ச செம்பு வயர், பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள்ள அந்த வயருக்கு ஏத்த ஃப்யூஸ். கெயின் திருகு வால்யூம் கிடையாது, பாட்டு கரகரக்குறதுக்கு முன்னாடியே நிறுத்தணும்னு மாமாவே உட்கார்ந்து திருகினார்.

பெட்டியில நம்பர் அஞ்சுல ஒரு பங்காச்சு. சத்தம் கூடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் ஏற்காடு ஏறினோம். 20 வளைவும் முடிஞ்சு, மேல போய் பானெட்டைத் திறந்து வயரைத் தொட்டுப் பார்த்தோம். சூடே இல்ல.

உங்க கார்லயும் ஆம்ப்ளிஃபயர் இருந்தா, இன்னைக்கே ஒருதரம் அந்த ஃப்யூஸைப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.