தாத்தாவின் ராந்த் பத்திரமும் என் கில்ட் ஃபண்டும்

போன மாதம் வெள்ளையடிக்க ஆட்கள் வந்ததால் பரண்மேல் இருந்த தகரப் பெட்டியைக் கீழே இறக்கினோம். உள்ளே தாத்தாவின் சைகோன் காலத்துக் காகிதங்கள். அடியில் நான்காக மடித்த ஒரு பிரெஞ்சு அரசுக் கடன் பத்திரம். ஓரத்தில் தபால்தலை போல வரிசையாகக் கூப்பன்கள். சிலவற்றை வெட்டியிருந்தார்கள், பல வெட்டாமலே இருந்தன. பேரன் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இத பேங்க்ல குடுத்தா பணம் வருமா?" என்றான்.

வராதுடா என்றேன். ஏன் வராது என்று விளக்குவதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அவனிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்ட என் அசட்டுத்தனம் ஒன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் தாத்தா சைகோனில் குமாஸ்தா. அந்தக் காலத்தில் நம்மூர் ஆட்கள் பலர் அப்படிப் போனவர்கள்தான், புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் யுத்தம் வந்தது. பிரெஞ்சு அரசாங்கத்துக்குப் பணம் வேண்டும். 1915 நவம்பரில் ஒரு பெரிய கடன் திரட்டினார்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் வட்டி. 100 பிராங்க் பத்திரம் 88 பிராங்குக்கே கிடைத்தது. ஒரு போஸ்டர் பிரசித்தம்: தங்கக் காசிலிருந்து சேவல் ஒன்று பாய்ந்து ஜெர்மன் சிப்பாயைக் கொத்தும். அபெல் ஃபேவ்ர் வரைந்தது. தாத்தா 880 பிராங்க் கட்டி 1,000 பிராங்குக்குப் பத்திரம் வாங்கினார். நம்மூர்க் கணக்கில் அன்றைக்குச் சுமார் 500 ரூபாய். ஆயா அந்தப் பணத்துக்குப் பாகூர் பக்கம் நஞ்சை வாங்கச் சொன்னாராம். தாத்தா கேட்கவில்லை. "நெலத்துக்கு மழை வேணும், கவர்ன்மாவுக்கு மழை வேணாம்" என்றாராம். இந்த வசனத்தை ஆயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வகைப் பத்திரத்துக்கு ராந்த் என்று பெயர். அதன் குணம் என்னவென்றால், அசலைத் திருப்பித் தர அரசுக்குத் தேதி எதுவும் கிடையாது. வட்டி மட்டும் காலாகாலத்துக்கும் வரும். அசல் வேண்டுமென்றால் சந்தையில் இன்னொருவருக்கு விற்க வேண்டும். பிரெஞ்சு நடுத்தர வர்க்கமே நூறு வருடம் இதை நம்பி வாழ்ந்தது. பள்ளியில் பால்சாக்கின் கொரியோ கிழவர் கதை படித்தோம். சேமியா வியாபாரி. மகள்களுக்காகத் தன் ராந்தையெல்லாம் விற்றுவிட்டு ஓட்டாண்டியாகச் சாவார். எங்கள் வாத்தியார் மகள்களைத் திட்டினார். எனக்கு அப்போதே, கிழவர் எந்த விலைக்கு விற்றிருப்பார் என்றுதான் ஓடியது. குமாஸ்தா வீட்டுப் புத்தி.

அரசாங்கம் ஏமாற்றாது என்று தாத்தா நினைத்தது பாதி சரி. 1797இல் புரட்சி அரசு தன் கடனில் மூன்றில் இரண்டு பங்கை மதிப்பில்லாத சீட்டாகக் கொடுத்துக் கைகழுவியது. ஆனால் அதற்குப் பிறகு பிரெஞ்சு அரசு அப்படிச் செய்யவில்லை. தாத்தாவுக்கும் "தரமாட்டேன்" என்று யாரும் சொல்லவில்லை. வேறு வழியில் போயிற்று.

கொஞ்சம் கணக்குப் போடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். யுத்தத்துக்கு முன் ஒரு பவுனுக்கு 25 பிராங்க் 22 சாந்தீம். அதே பவுனுக்கு 15 ரூபாய். தாத்தாவின் வருட வட்டி 50 பிராங்க். அந்தப் பழைய விகிதத்தில் பார்த்தால் ஏறக்குறைய 30 ரூபாய். 1928 ஜூனில் புவான்காரே பிராங்கை அதன் பழைய தங்க மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காக நிலைநிறுத்தினார். பவுனுக்கு 124 பிராங்க் 21 சாந்தீம் ஆனது. பவுனுக்கு ரூபாயோ 13 ரூபாய் 5 அணா 4 பை. அதே 50 பிராங்க் இப்போது 5 ரூபாய் 6 அணா. 1932இல் எரியோ அரசு 5 சதவீதத்தை நாலரையாக்கிப் பத்திரத்தையும் மாற்றியது. வட்டி 45 பிராங்க் ஆயிற்று. அந்த 45 பிராங்கை 1949 செப்டம்பர் விகிதத்தில் வைத்துப் பார்த்தால் (டாலருக்கு 350 பிராங்க், 4 ரூபாய் 76 காசு), பத்து அணாகூட முழுசாகத் தேறாது.

பிரான்சில் இருந்தவனுக்கு இது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. ரொட்டி விலை ஏறியது, அவ்வளவுதான். நம்மூரில் செலவு ரூபாயில். வரவு பிராங்கில் என்றால் மாற்றும்போதே கையில் தெரிந்துவிடும். கடைசிக் காலத்தில் கூப்பனை மாற்றப் போய்வர புஷ்புஷ் வண்டிக்காரனுக்குக் கொடுக்கும் கூலியே அதிகம் என்று ஆயா வெட்டுவதை நிறுத்திவிட்டார். பெட்டியில் அப்படியே கிடந்தவை அவைதான்.

பேரன் கேட்டான்: "அப்ப எல்லாருக்கும் நஷ்டமா?" இல்லை. அதே யுத்தத்துக்கு அதே அரசு வேறு இரண்டு வகையிலும் கடன் வாங்கியது. 1914 செப்டம்பர் முதல் மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடத் தவணையில் பான் என்ற சீட்டு. 1915 பிப்ரவரி முதல் பத்து வருடத்துக்குள் அசல் திரும்பும் பத்திரம். சீட்டு வைத்திருந்தவர்களுக்குத் தவணை முடிந்ததும் பணம் கைக்கு வந்துவிடும். பிராங்க் சரிகிறது என்று தெரிந்ததும் வேறு எதிலாவது போடலாம். பத்து வருடக்காரர்களுக்கும் அடி உண்டு, ஆனால் ஒரு நாள் அசல் கைக்கு வந்தது, மறுபடி யோசிக்க இடம் கிடைத்தது. தாத்தாவுக்கு அந்த நாளே இல்லை. மூன்றிலும் கடன் வாங்கியவர் ஒருவரே. வித்தியாசம் வருடக் கணக்கில் மட்டும்தான்.

இன்னொரு விஷயம். சேமிப்பவனுக்காக யோசிக்க விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். பிரான்சில் இருந்தார்கள். 1888 முதல் அவர்கள்தான் வாடிக்கையாளரிடம் ரஷ்யக் கடன் பத்திரங்களை விற்றார்கள். வங்கிகளுக்குத் தரகு. பத்திரிகைகளுக்கு ரஷ்யாவின் பாரிஸ் பிரதிநிதி ரஃபலோவிச் கவர் கொடுத்துப் புகழ்ந்து எழுத வைத்தார். அவர் கடிதங்களே பின்னால் 1923-24இல் 'லுமானித்தே' பத்திரிகையில் வெளிவந்தன. சுமார் 15 லட்சம் பிரெஞ்சுக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். 1918 பிப்ரவரியில் போல்ஷெவிக் அரசு அத்தனையையும் ரத்து செய்தது. 1996-97 ஒப்பந்தத்தில் ரஷ்யா 40 கோடி டாலர் கொடுத்தது. பேரன்களுக்குப் பெட்டிச் செலவுக்கு ஆயிற்று.

நிதி மந்திரிகளும் பாடம் படித்தார்கள். 1952இல் பினே வெளியிட்ட மூன்றரை சதவீத ராந்தின் அசலைத் தங்க நெப்போலியன் காசின் விலையோடு கட்டினார். அதற்கு வாரிசு வரியும் கிடையாது. பணக்காரக் கிழவர்கள் மரணப் படுக்கையில் அவசரமாக வாங்கினார்களாம். நம்மூரில் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் அதைப்பற்றிப் பேசிக் கேட்டிருக்கிறேன், வாங்கியவரைப் பார்த்ததில்லை.

இத்தனையும் தெரிந்த பேரப்பிள்ளை நான். இப்போது என் கதை.

2011இல் யு.டி.சி.யாக ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டியும் கம்யூட்டேஷனும் வந்தன. பெரும்பகுதியை வைப்பு நிதியில் போட்டேன். 5 லட்சம் மட்டும் சின்ன மகள் கல்யாணத்துக்கென்று தனியாக இருந்தது. 2013 மே மாதம் ஒரு முகவர் வீட்டுக்கு வந்தார். மரியாதையான பையன். "சார், இது ஷேர் இல்ல. முழுக்க கவர்ன்மென்ட் பாண்ட். புரொஃபஷனலா மேனேஜ் பண்றாங்க" என்று கில்ட் ஃபண்டை விளக்கினார். விஷயம் இதுதான்: மத்திய அரசு ரிசர்வ் வங்கி வழியாக ஏலம் போட்டுக் கடன் வாங்கும். ஏலத்தில் வாங்குவது வங்கிகளும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும். (சாதாரண ஆள் ரிசர்வ் வங்கியிலேயே நேரடிக் கணக்கு தொடங்க வழி வந்தது 2021 நவம்பரில்தான்.) நம்மைப் போன்றவர்கள் பணத்தைச் சேர்த்து ஒரு மேலாளர் வாங்குவார். வட்டி குறையும் என்று நினைத்தால் நீண்டகாலப் பத்திரம் சேர்ப்பார், ஏறும் என்று நினைத்தால் குறுகிய காலத்துக்கு மாறுவார். இதற்கு வருடா வருடம் ஒரு செலவு நம் பணத்திலிருந்தே போகும். முந்தின வருட லாபம் தாளில் அழகாக இருந்தது.

அரசாங்கம் என்ற வார்த்தை கேட்டதும் நான் வேறெதுவும் கேட்கவில்லை. தாத்தா கேட்காததைத்தான் நானும் கேட்கவில்லை: எத்தனை வருடப் பத்திரம்? எனக்குப் பணம் தை மாதம் வேண்டும். அந்த ஃபண்டில் இருந்ததெல்லாம் பத்து வருடத்துக்கு மேற்பட்டவை.

அந்த மே மாதக் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி பண வரத்தைக் குறைக்கப் போவதாகச் சொன்னது. ரூபாய் சரியத் தொடங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க ஜூலை 15 அன்று ரிசர்வ் வங்கி ஒரு முக்கியமான கடன் விகிதத்தை ஒரேயடியாக 10.25 சதவீதத்துக்கு ஏற்றியது. ஏழே சொச்சம் சதவீதம் தந்துகொண்டிருந்த பத்து வருடப் பத்திரம் ஆகஸ்டில் ஒன்பதைத் தாண்டியது. சந்தையில் 9 சதவீதத்துக்குப் புதிய பத்திரம் கிடைக்கும்போது 7 சதவீதப் பத்திரத்தை யார் பழைய விலைக்கு வாங்குவார்கள்? விலை விழுந்தது. பத்து வருடப் பத்திரம் என்றால் வட்டி ஒரு சதவீதம் ஏறினால் விலை ஏழு சதவீதம் போல இறங்கும். ஐந்து வருடம் என்றால் நாலு. ஒரு வருடம் என்றால் ஒன்றுகூட இல்லை. இது எல்லா நாட்டுக்கும் பொதுவான கணக்கு, மேலாளர் கெட்டிக்காரராக இருந்தாலும் மாறாது.

தினமும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் என்.ஏ.வி. பார்த்தேன். என் மனைவியிடம் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் 5 லட்சம் 4 லட்சத்து 56 ஆயிரமாக இருந்த அன்று பயந்துபோய் எடுத்துவிட்டேன். தாத்தாவின் பெட்டிதான் கண்முன் நின்றது.

பக்கத்து செக்‌ஷனில் இருந்த என் நண்பர் ஒருவரும் அரசுப் பத்திர ஃபண்டில்தான் போட்டிருந்தார், ஆனால் சராசரி நாலு வருடம் உள்ளதில். அவருக்கும் இறங்கியது, கொஞ்சமாக. "அஞ்சு வருஷத்துக்கு எனக்கு அந்தப் பணம் வேணாம்பா" என்று சும்மா இருந்தார். அந்தப் பத்திரங்கள் முதிர முதிர, வந்த பணத்தை மேலாளர் புதிய, அதிக வட்டிப் பத்திரங்களில் போட்டார். 2016 கடைசியில் பத்து வருட வட்டி ஆறரை சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கையில் இருந்த பழைய பத்திரங்களின் விலையெல்லாம் ஏறியிருந்தது. நான் பொறுத்திருந்தாலும் போட்டதும் மேலேயும் வந்திருக்கும். ஆனால் பொறுக்க முடியாதே, கல்யாணம் தையில். இங்கேதான் தாத்தாவுக்கும் எனக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. பத்திரத்துக்கு முதிர்வுத் தேதி இருக்கும், அதைக் கையில் வைத்திருப்பவனுக்கு அன்றைக்கு முழு அசல் வரும். ஃபண்டுக்குத் தேதி கிடையாது. ஒன்று முதிர்ந்தால் மேலாளர் இன்னொன்று வாங்குவார். அதுவும் ஒரு வகை ராந்த்தான். அதனால் உள்ளே இருக்கும் பத்திரங்களின் சராசரிக் காலம் எவ்வளவோ, அவ்வளவு காலமாவது நாம் இருக்கத் தோது வேண்டும். 2017 அக்டோபரில் செபி ஒரு நல்ல காரியம் செய்தது. கடன் ஃபண்டுகள் பலவற்றையும் காலத்தை வைத்தே பெயர் வைக்கச் சொன்னது. மூன்றிலிருந்து நான்கு வருடம் என்றால் நடுத்தரக் காலம். கில்ட் என்ற பெயரில் மட்டும் காலம் தெரியாது, தாளில் தேடிப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியவற்றுக்குப் பழைய நீண்டகால வரிச் சலுகையும் இல்லை.

குறைந்த 44 ஆயிரத்துக்கு என் மனைவியின் வளையல் ஒரு ஜோடி வங்கிக்குப் போயிற்று. அப்போதுதான் அவளிடம் சொன்னேன். திட்டவில்லை. "உங்க ஆயா நெலம் வாங்கச் சொன்னாங்களே, அது மாதிரி யாரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள். வளையல் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தது.

இப்போது பேரனின் மேல்படிப்புக்கென்று கொஞ்சம் பணம் நடுத்தரக் கால அரசுப் பத்திர ஃபண்டில் இருக்கிறது. அவன் இப்போது எட்டாவது. என்.ஏ.வி.யை மாதம் ஒரு தடவைதான் பார்க்கிறேன். தாத்தாவின் பத்திரத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்கிறான் அவன். கூப்பன் ஒன்றை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். வெட்டிக்கொள் என்று ஆயாவின் பழைய கத்தரிக்கோலையே எடுத்துக் கொடுத்தேன்.