பிரான்சிஸ்கன் துறவியரும் வறுமையின் பொருளும்

திருக்குறள் நல்குரவைப் பொருட்பாலிலும் துறவை அறத்துப்பாலிலும் வைத்துள்ளது. கிறித்துவத் துறவு மரபோ இரண்டையும் வறுமை என்னும் ஒரே சொல்லால் வழங்கியது. அச்சொல்லின் பொருளை வரையறுப்பதில் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த பூசலையே இங்கு ஆராய்கிறோம்.

பழைய மடங்களில் துறவிக்கு உடைமை இல்லை. மடத்துக்கு நிலம் உண்டு. அசிசி நகரத்துப் பிரான்சிஸ் இதனை ஏற்கவில்லை. 1223-இல் ஒப்புதல் பெற்ற அவரது சபை ஒழுங்கின்படி, துறவியர் வீட்டையோ இடத்தையோ எதனையுமோ தமதாக்கிக்கொள்ளலாகாது. ஆயின் சபை பெருகியபோது, உறைவிடமும் நூல்களும் யாருடையவை என்ற வினா எழுந்தது. உடைமை உரோமைத் திருச்சபைக்கு, பயன்பாடு மட்டும் துறவியருக்கு என்பது விடையாயிற்று. திருத்தந்தை மூன்றாம் நிக்கோலாஸ் 1279-இல் இதனை உறுதிசெய்தார். இது சட்டப் புனைவே. எனினும் வெறும் ஏமாற்று என்று அதனைத் தள்ளிவிட நாம் தயங்குகிறோம். பறித்தவன்மீது வழக்குத் தொடுக்கும் உரிமைகூட இல்லாதவனாய் வாழ்வதே அத்துறவியர் நாடிய வறுமை. அங்கே குறைந்திருந்தது பொருளன்று, உரிமை.

சட்டம் பயின்ற திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவானுக்கு இது பொருந்தாக் கூற்றாகப்பட்டது. துறவாடையின் அளவையும் தானியச் சேமிப்பையும் சபை மேலாளரே முடிவுசெய்வர் என 1317-இல் ஆணையிட்டார். அதற்குப் பணிய மறுத்த நால்வர் 1318-இல் மார்செய் நகரில் எரிக்கப்பட்டனர். 1322-இல் புனைவையே நீக்கினார். உண்டதும் அழிந்துபோகும் முட்டையிலும் பாலாடைக்கட்டியிலும் பயன்பாட்டை உடைமையிலிருந்து பிரிப்பது எவ்வாறு என்பது அவர் வாதம். கிறித்துவும் திருத்தூதரும் எதனையும் உடைமையாகக் கொண்டிருக்கவில்லை என வலியுறுத்துவது திரிபுக்கொள்கை என்று 1323-இல் அறிவித்தார்.

பெர்காமோ நகரத்துப் போனகிராசியா என்னும் துறவி தந்த மறுமொழி எளியது: குதிரை ஓட்ஸ் தானியத்தைத் தின்கிறது, அத்தானியம் அதற்கு உடைமையாவதில்லை. சட்ட நோக்கில் யோவானின் வாதமே வலியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மனிதன் தன்னை விலங்கோடு ஒப்பிட்டு உரிமையைக் கைவிடத் துணிந்த இடத்தில், சட்டத்தின் அளவுகோல் போதுமா என்பது ஐயத்திற்குரியது.

சபைத் தலைவர் செசேனா மைக்கேல், போனகிராசியா, ஒக்காம் வில்லியம் ஆகியோர் 1328-இல் அவிஞ்ஞோனிலிருந்து தப்பிச்சென்றனர். சபையினர் பெரும்பாலோர் திருத்தந்தைக்குப் பணிந்து, மறு ஆண்டே வேறொரு தலைவரைத் தேர்ந்துகொண்டனர்.